மூன்று வருஷமாகக் கையெழுத்துப் போடாதவன்

செந்துறை,
14-6-1983, செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் மாயவன் அவர்களுக்கு,

செந்துறை பஸ் ஸ்டாண்டு தையல்கடை ராசாங்கம் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை செங்கமலமும் மகள் சிந்தாமணியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் அமிர்தவல்லி அக்காவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் வக்கீலுக்கு வழக்குகள் குறையாமல் வர வேண்டும். போன மாதம் நான் எழுதிய கடிதத்தை, 'கையெழுத்து இல்லாத மொட்டைக் கடிதங்களை வக்கீல் குமாஸ்தா படிப்பதில்லை' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் நான் ஏன் கையெழுத்துப் போடுவதில்லை என்ற கதையைத் தொடங்கி வைத்ததே நீங்கள்தான் என்பதால், முழுவதையும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அரியலூர் தவணைக் கடையில் எனக்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள் அல்லவா, எழுபத்தெட்டாம் வருஷம். ஆயிரம் ரூபாய் வரைக்கும் இந்த அட்டை செல்லும் என்றார்கள். என்னை நம்பி ஆயிரம் ரூபாயை ஒருத்தன் ஒதுக்கி வைத்திருக்கிறானே, எடுக்காமல் விட்டால் வருத்தப்படுவானோ என்று நினைத்து ஒரு ரேடியோ எடுத்தேன், முந்நூற்று எண்பது. ரேடியோ வந்த பிறகு செய்தி எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டாமா, அதற்காகச் சுவர்க்கடிகாரம், நூற்று நாற்பது. எனக்கு இரண்டு வந்ததே, எனக்கு என்ன வந்தது என்று உங்கள் தங்கை கேட்டதில் எவர்சில்வர் குடமும் அண்டாவும் நூற்று எண்பது. ஆக எழுநூறு. வாரம் இரண்டு ரூபாய் கட்டினால் போதும் என்றார்கள். 'போதும்' என்று ஒரு கடைக்காரன் சொல்லும்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்று அட்டையின் பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. அதாவது மாதம் பதினாலு ரூபாய் வட்டி ஏறும், நான் கட்டுவது எட்டு. மிச்சம் ஆறும் முதலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி. ஒரு வாரம்கூடத் தவறாமல் இரண்டு வருஷம் கட்டினேன் மச்சான். எண்பதாம் வருஷம் ஜூன் பதினேழாம் தேதி கூட்டிப் பார்த்தால் எண்ணூற்று எண்பத்திரண்டு ரூபாய் நிற்கிறது. ஒழுங்காகக் கட்டக் கட்ட ஏறுகிற கடனை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

நிறுத்திய பிறகுதான் பயம் பிடித்தது. ரேடியோ போனால் போகட்டும். என் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வேன்? அது போனால் மறுநாளே எங்கள் வீட்டில் உலை வைக்க முடியாது. அந்தச் சமயத்தில்தான் விக்கிரமங்கலம் காதுகுத்தில் நீங்கள் பந்திக்குக் காத்திருந்தபோது எனக்குச் சட்டம் சொன்னீர்கள். கோர்ட்டு உத்தரவு இல்லாமல் ஒரு சாமானையும் தொட முடியாது, தொழிலாளியின் தொழில் கருவியைக் கோர்ட்டே ஜப்தி செய்யாது, பொழுது சாய்ந்த பிறகு ஜப்திக்காரன் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றீர்கள். கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு, 'கடைசியாக் கட்டின தேதியிலேர்ந்து மூணு வருஷம் போயிட்டா அவன் கோர்ட்டுக்கே போக முடியாது மாப்ளே. ஆனா நடுவுல ஒத்த ரூவா கட்டி எழுதிக் குடுத்தாலும், கடன் இருக்குன்னு கையெழுத்துப் போட்டாலும், அன்னைலேர்ந்து புதுசா மூணு வருஷம்' என்றீர்கள். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள்.

அன்று முதல் இந்தக் கை எதிலும் கையெழுத்துப் போடவில்லை. சிந்தாமணியின் ராங்க் கார்டில் அப்பா கையெழுத்து என்று ஒரு கோடு போட்டிருந்தார்கள். கார்டும் மஞ்சள், தவணை அட்டையும் மஞ்சள். எப்படி நம்புவது? மூன்று பரீட்சைக்கும் போடவில்லை. டீச்சர் பஞ்சவர்ணம் என்னைக் கூப்பிட்டு, 'கையெழுத்துத் தெரியாட்டி வெக்கப்படாதீங்க, ராத்திரிப் பள்ளிக்கூடம் இருக்கு' என்றார். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன் மச்சான். தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். ரேஷன் கடையில் ரெஜிஸ்தரில் கையெழுத்துப் போடாததால் நான்கு மாதம் சர்க்கரை இல்லாத காப்பி. இதையெல்லாம்விடப் பெரிய தப்பு, பொங்கல் சீருக்கு நீங்கள் என் பெயருக்கு அனுப்பிய ஐம்பது ரூபாய் மணியார்டர். போஸ்ட்மேன் ஃபாரத்தை நீட்டிப் பேனாவையும் மூடி திறந்து கொடுத்தார். மூடி திறந்து கொடுக்கிறாரே, இவருக்கு இதில் என்ன அக்கறை என்று சந்தேகம் வந்து திருப்பி அனுப்பிவிட்டேன். அண்ணன் சீரைத் திருப்பிவிட்டேன் என்று உங்கள் தங்கை ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வந்தது. அதற்கு மனமார மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி அரங்கநாதனுக்கு வருகிறேன். தவணைக் கடையின் வசூல்காரர். செவ்வாய்க்கிழமை தவறாமல் அரியலூர் பஸ்ஸில் வருவார். மற்ற ஊர்களில் வசூல்காரர்கள் சத்தம் போடுகிறார்கள், சைக்கிளைப் பிடுங்குகிறார்கள் என்று கேள்வி. இவர் சத்தமே போட மாட்டார். கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, 'தையக்காரரே, பாப்பா நல்லாப் படிக்குதா' என்பார். பாப்பா எப்படிப் படித்தால் அவருக்கு என்ன? 'அட்டையில ஒரு சுழி போட்டுக் குடுங்க, மொதலாளி கேட்டா நான் வந்து போனேன்னு காட்டிக்கிறேன்' என்பார். நான் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு தலையை ஆட்டிவிடுவேன். 'நான் ஏமாத்துறேன்னு நெனக்கிறீங்களா, வெள்ளிக்கெழம சிறுவாச்சூர் காளி கோயில்ல சத்தியம் பண்ணட்டுமா' என்றார். காளி வரைக்கும் போகத் துணிந்தவர் எதற்கும் துணிவார் என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வாரம் சட்டைத் துணியோடு வந்தார். தைத்துக் கொடுத்தேன். கூலி எட்டு ரூபாயை நீட்டினார். நல்ல வேளை, கை நீட்டும் முன் மூளை வேலை செய்தது. இந்த எட்டு ரூபாயை ஏதாவது ஒரு கணக்கில் சேர்த்து, ராசாங்கம் கடனில் வரவு என்று எழுதிவிட்டால் என் மூன்று வருஷம் போச்சு. 'வேணாங்க, இருக்கட்டும்' என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. அதுவும் நடிப்புதான். அதற்குப் பிறகு அவருக்குப் பதினோரு சட்டை, நான்கு கால்சட்டை, அவர் பையனுக்குப் பள்ளிக்கூட உடுப்பு இரண்டு செட், எல்லாம் கூலி இல்லாமல், நூலும் பொத்தானும் என் செலவு. போன தீபாவளிக்கு அவர் மச்சினன் துணியும் வந்தது. எவ்வளவு ஆனாலும் சரி, நான் சிக்கவில்லை.

ரேடியோவை மிஷின் மேஜை மேலேயே ஆணி அடித்து வைத்திருக்கிறேன். பாட்டு இல்லாமல் எனக்குத் தையல் ஓடாது, ஆகவே அதுவும் தொழில் கருவி. கடிகாரத்தைப் பகலில் அண்டாவுக்குள் வைத்து மூடி, பொழுது சாய்ந்ததும் எடுத்து மாட்டுகிறோம். பகலில் மணி தெரியாமல் சிந்தாமணி இரண்டு தடவை பள்ளிக்கூடத்துக்கு லேட்.

இப்போது உங்களிடம் கேட்பது ஒன்றே. அரியலூர் தவணைக் கடைக்கு நான் தர வேண்டிய எண்ணூற்று எண்பத்திரண்டு ரூபாயில், கடைசியாகக் கட்டிய 17-6-80 முதல் இன்று வரை ஒரு காசும் கட்டவில்லை, எதிலும் கையெழுத்துப் போடவில்லை. வருகிற வெள்ளிக்கிழமையோடு மூன்று வருஷம். அந்த வெள்ளிக்கிழமையும் கணக்கில் சேர்த்தியா, இல்லை வியாழனோடு தீர்ந்ததா? சனிக்கிழமை காலை நான் கடிகாரத்தைப் பகலிலேயே மாட்டலாமா? இதை மட்டும் உங்கள் வக்கீலிடம் கேட்டு எழுதுங்கள். அதுவரை எனக்குச் சோறு இறங்காது. உங்கள் வக்கீல் தவணைக் கடைக்கும் வக்கீலாக இருந்தால் கேட்க வேண்டாம். அப்படி இல்லை என்று அவர் சொன்னாலும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம். சின்னவர்களுக்கு எங்கள் ஆசி. எடுத்த காரியம் எல்லாம் உங்களுக்கு வில்லங்கம் இல்லாமல் முடியட்டும்.

மொட்டைக் கடிதம் என்று மறுபடியும் திருப்பிவிடக் கூடாது என்பதற்காக, உங்களை மதித்து, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக,

தங்கள் அன்புள்ள,
(கையெழுத்து)
பூ. ராசாங்கம், தையல்கலைஞர், செந்துறை.

பின்குறிப்பு: இந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை என்று நீங்கள் சந்தேகப்பட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. ஒரு சாட்சி இருந்தால் நல்லது என்று பார்த்தேன். டீக்கடை சாமிதுரை போர்டில் பால் விலையையே தப்பாக எழுதுகிற ஆள், அவரை நம்ப முடியாது. இன்று செவ்வாய்க்கிழமை ஆனதால் பெஞ்சில் அரங்கநாதன் இருந்தார். 'எதுக்குச் சாட்சின்னு தெரியாமப் போட மாட்டேங்க' என்றார். சட்டம் தெரிந்தவன் என்று அவருக்கும் தெரியட்டுமே என்று முழுவதையும் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். தொகையும் தேதியும் உள்ள இடத்தை மட்டும் மூன்றாவது தடவையும் படித்தார். 'ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க தையக்காரரே' என்று சொல்லிவிட்டு, மறுபேச்சு இல்லாமல் போட்டுக் கொடுத்தார். தபாலில் தொலையக் கூடாது என்று கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதியிருந்தேன். மூன்றிலும் நானும் போட்டேன், அவரும் போட்டார். ஞாபகத்துக்கு என்று ஒன்றை ஆசையாகக் கேட்டார், கொடுத்துவிட்டேன். மூன்று வருஷமாக என்னிடம் ஒரு கையெழுத்துக்கு நடந்த மனுஷனிடம், கடைசியில் கையெழுத்து வாங்கியவன் நான்தான் மச்சான்.