பெட்டியைத் திறந்து காட்டுகிறவர்

பினாங்கில் ஒரு வகை மனிதர் உண்டு. தைப்பூசக் கூட்டத்தில் தெரிவார், கோப்பிக்கடையின் மூலை மேசையில் தெரிவார், கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையை மறித்துக்கொண்டும் தெரிவார். தோளில் ஒரு கறுப்புப் பெட்டி தொங்கும். அதை நீங்கள் கவனிக்கவில்லை என்றால் கவனிக்கும்வரை இருமுவார். கவனித்துவிட்டீர்களா? தொலைந்தீர்கள். அன்றைக்கு உங்கள் சாப்பாடு ஆறிப்போகும்.

இவர்தான் பெட்டிக் கேமராக்காரர். படம் எடுப்பவர் என்று தப்பாக நினைத்துவிடாதீர்கள். படம் எடுப்பவர் எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். இவர் எடுப்பதில்லை, சொல்வார்.

நான் நாலாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி கழுவி, லாரி ஓட்டி, கடைசியில் லாரிகளை வாங்கி வரிசையாக நிறுத்தியவன். ஏட்டுப் படிப்பு இல்லாவிட்டால் என்ன, ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எந்த ரகம் என்று சொல்லிவிடுவேன். இதுவரை தப்பியதில்லை. ஆகவே தைரியமாக என்னை நம்பலாம்.

இந்த ரகத்தை முழுசாகப் பார்க்க வேண்டும் என்றால் தண்ணீர்மலைச் சாலையில் என் பின்வீட்டுத் தயாளனைப் பாருங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகாரம் செய்ய ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் இந்தப் பெட்டியைக் கண்டெடுத்தார். தோல் மாதிரித் தாள் ஒட்டிய தகரப் பெட்டி. முகத்தில் மூன்று கண், தலையில் ஒரு வார், விலாவில் ஒரு சாவி, முதுகில் ஒரு சிவப்புக் கண்ணாடிப் பொட்டு. அவ்வளவுதான் பொருள். ஆனால் அதை விளக்க அவருக்கு ஒரு பொழுது பத்தாது.

மூன்று கண்ணில் ஒன்றுதான் நிஜமாகப் பார்க்குமாம். மற்ற இரண்டும் குனிந்து பார்ப்பதற்கு, பெட்டியை நிமிர்த்திப் பிடித்தால் ஒன்று, படுக்க வைத்தால் மற்றொன்று. சிவப்புப் பொட்டு வழியாக ஃபிலிமின் முதுகுத் தாளில் இருக்கும் எண் தெரியுமாம். எட்டத்தில் இருப்பதையும் கிட்டத்தில் இருப்பதையும் திருகித் தெளிவாக்கும் வேலை இதில் கிடையாதாம். நீங்கள்தான் தள்ளிப் போய் நிற்க வேண்டும். ஒரே வேகமாம், நீங்கள்தான் அசையக் கூடாது. வெயில் இல்லாமல் எடுக்காதாம். நீங்கள்தான் வெயிலில் காய வேண்டும். அதாவது, குறை எல்லாம் பெட்டிக்கு. அடங்கி நடக்க வேண்டியது நமக்கு. அப்படிப்பட்ட ஒன்றின்மேல் தயாளனுக்கு ஆசை வந்ததில் ஆச்சரியம் உண்டா?

விளக்கத்தின் உச்சம் கடைசியில் வரும். விலாவில் இருக்கும் சாவியைச் சுண்டி இழுப்பார். முதுகு மூடியைத் திறப்பார். உள்ளே ஃபிலிம் மாட்டும் கூட்டை உருவி உங்கள் மூக்குக்குக் கீழே நீட்டுவார். தபால்காரருக்கு, சமையல் கேஸ் தோம்பு கொண்டுவந்தவருக்கு, துக்கம் கேட்க வந்தவர்களுக்குக்கூட இப்படித் திறந்து காட்டியிருக்கிறார். திறப்பதில் ஆபத்து ஏதும் இல்லை. வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போக உள்ளே ஃபிலிம் இருந்ததே கிடையாது.

அவர் மனைவி புஷ்பவள்ளி இந்த விளக்கம் தொடங்கியதும் சமையலறைக்குள் போய்விடுவாள். கூட்டை உருவும் சத்தம் கேட்டதும் தேநீரோடு வெளியே வருவாள். அதுதான் அவளுக்குக் கடிகாரம்.

புஷ்பவள்ளிக்கு ஓர் அண்ணன், தாசேக் கெலுகோரில். பெயர் வேலு. அம்மாவின் கருமாதிப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் வருவது என்று தொடங்கிய சண்டை, பேச்சுவார்த்தையே இல்லாமல் வருடக்கணக்காக ஓடிவிட்டது. அம்மா போன பிறகு அண்ணனும் தங்கையும் சேர்ந்து நின்ற படம் ஒன்றுகூட இல்லை. இப்போது வேலு மகனோடு பெர்த்தில் குடியேறப் போகிறார். முழங்கால் இரண்டும் போய்விட்டது. இனித் திரும்பி வருவது நிச்சயமில்லை. விமானம் ஏறப் போகும் வழியில் தங்கச்சி வீட்டில் கால் வைத்துவிட்டுப் போகிறேன் என்று அவரே போன் செய்தார்.

புஷ்பவள்ளி அன்று முழுக்கச் சமைத்தாள். அழுதுகொண்டே சமைத்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அண்ணனும் நானும் நிக்கிற மாதிரி ஒரு படம் வேணுங்க."

இந்த ரகத்திடம் கேட்கக் கூடாத வார்த்தை அது. தயாளன் எழுந்தார். ஃபிலிம் வாங்கி வந்தார். வாழ்க்கையில் முதல் முறையாகப் பெட்டிக்கு உணவு ஊட்டினார். வேலு வந்து இறங்கி, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வாய் திறப்பதற்குள், ஒரு பிஸ்கட் டின்னை நீட்டி எல்லோருடைய கைபேசியையும் அதில் போடச் சொன்னார். போனில் எடுப்பது படமே இல்லையாம், வெறும் வெளிச்சமாம். வேலுவின் மகன் ஹரீஷ் டிக்கெட்டே போனில்தான் இருக்கிறது என்று முனகினான். டின்னில் போட்டான்.

பிறகு வெயில். அண்ணனையும் தங்கையையும் நடு வாசலில், சூரியனைப் பார்க்க நிறுத்தினார். பெட்டியை வயிற்றோடு அணைத்துக் குனிந்தார். அந்தச் சின்னக் கண்ணில் வலது இடதாகத் தெரியும் என்பதைப் பாடம் நடத்தத் தெரிந்தவருக்கு, நேரில் அது நினைவுக்கு வரவில்லை. இடது பக்கம் வாங்க மச்சான் என்பார். வேலு நகர்ந்ததும் கண்ணாடியைவிட்டே காணாமல் போவார். இப்படியே நகர்ந்து நகர்ந்து வேலு கழிவுநீர்க் கால்வாய் ஓரம்வரை போய் வந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பாசமா, வெயிலா? புஷ்பவள்ளி பாசம் என்றே எடுத்துக்கொண்டாள். அண்ணன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

க்ளக். எடுத்தாயிற்று.

இன்னொன்று எடுத்துவிடுங்களேன் என்றாள். பெட்டிக்கு ஒன்று போதும், போன்காரர்கள்தான் நூறு எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டார்.

அப்போது வாடகைக் கார் வந்து நின்றது. ஹரீஷ் டின்னிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு பயணப் பெட்டிகளை ஏற்றினான். பக்கத்து வீட்டு ரோஹானா, வேலுவுக்கு வழியில் சாப்பிடக் கறிபாப் கொடுக்க அப்போதுதான் வந்தாள். ஆகவே அவள் போன் டின்னுக்குத் தப்பியது. வேலு காரை நோக்கி நடந்தார். நல்ல மனிதர். போகிற நேரத்தில் தங்கை புருஷனிடம் நாலு வார்த்தை பிரியமாகப் பேசிவிட்டுப் போகலாம் என்று நினைத்தார்.

"என்னா மாப்பிள்ளை, சின்னப் பொட்டிதான். உள்ள என்னதான் இருக்கு?"

அவ்வளவுதான். தயாளன் முகம் மலர்ந்தது. கைக்கு அதன் வேலை தெரியும். சாவியைச் சுண்டினார், மூடியைத் திறந்தார், கூட்டை உருவினார், நடுப்பகல் வெயிலில் நீட்டினார். இந்தச் சுருளிலிருந்து கிளம்பி, இப்படி வளைந்து, இந்த இடத்தில்தான் மச்சான் படம் உட்காரும் என்று விரலை வைத்துக் காட்டினார்.

சத்தம் கேட்டுப் பழகிய புஷ்பவள்ளிதான் முதலில் திரும்பினாள்.

"ஏங்க, இன்னிக்கி அதுல ஃபிலிம் இருக்குல்ல?"

தயாளன் வாயை மூடினார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் பாதி வாக்கியத்தில் நின்றதை அவள் பார்த்தது அப்போதுதான். கூட்டை அவசரமாக உள்ளே திணித்தார். வார் கையில் மாட்டிக்கொண்டது.

"கொஞ்சம் வெளிச்சம் பட்டாத்தான் பழைய படம் மாதிரி இருக்கும் லா. அது ஒரு அழகு."

"அப்பா, ஃப்ளைட் போயிரும், ஏறுங்க," என்றான் ஹரீஷ்.

வேலுவுக்கு ஒன்றும் புரியவில்லை. காரில் ஏறுவதற்கு முன் தங்கையின் தலையில் கை வைத்தார். படம் வந்ததும் அனுப்பு, பெரிதாகப் போட்டு மாட்டுகிறேன் என்றார். அவள் சரி அண்ணே என்றாள். கார் போனது. அவள் தெருவிலேயே நின்றாள். புருஷனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அதற்கும் அவர் விளக்கம் சொல்லியிருப்பார்.

ரோஹானாதான் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். "அக்கா, நான் போன்ல சும்மா ஒன்னு தட்டினேன். நல்லா இருக்கானு தெரியல."

இருந்தது. கார்க் கதவு ஓரத்தில் அண்ணன், அவர் கை தங்கை தலையில், இருவர் முகமும் தெளிவாக. ஆனால் முன்னால் பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு தயாளன், திறந்த பெட்டியோடு.

மறுநாள் புஷ்பவள்ளி அதைப் படக்கடைக்குக் கொண்டுபோனாள். இந்த ஆளை வெட்டிவிடுங்கள் என்றாள். கடைக்காரர் முடிந்தவரை வெட்டினார். முழங்கை ஒன்று மட்டும் அண்ணனின் தோளுக்குக் குறுக்கே வந்ததால் அதை எடுக்க முடியவில்லை. அந்தப் படத்தை அண்ணனுக்கும் அனுப்பினாள்; தன் வீட்டுக் கூடத்திலும் பெரிதாக மாட்டினாள்.

இதோடு அடங்கியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? போன வாரம் போயிருந்தேன். தோளில் பெட்டி. என்னை அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தினார்.

"அண்ணே, அந்த முழங்கையப் பாருங்க. கொஞ்சம்கூட ஆடாம எப்படி நிக்குது. பெட்டியப் பிடிச்சா அப்படித்தான் பிடிக்கணும்."

உள்ளே புஷ்பவள்ளி தேநீர்ப் பாத்திரத்தை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் பெட்டிக் கேமரா இல்லை, தெரியும். பழைய மோட்டார் சைக்கிள் இருக்கலாம், வானொலி இருக்கலாம், லாரிகூட இருக்கலாம். எதுவும் இல்லாதவருக்கு வாய் இருக்கிறது. எதற்கும் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் படத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஓரத்தில் முழங்கை ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால், அது உங்கள் சட்டையின் நிறம்தானா?