பெரியத்தைக்கு உரிமம்

எடைக்கற்களுக்கு முத்திரை குத்தும் வேலையிலிருந்த ஒருவர், ஓய்வு பெற்ற மாதத்தில், பேருந்து வரும்வரை சொல்லிய கதை இது. பிறகு கேட்ட வடிவங்களைவிட இதுவே முழுமையானது.

ஆயுத உரிம அலுவலகத்துக்குப் புதிதாக வந்த மேலதிகாரிக்குச் சொற்களின் பிறப்பை ஆராய்வதில் தீராத மோகம். அப்போது அது பெரிய மனிதர்களிடையே பரவியிருந்த நாகரிகம். 'துப்பாக்கி' என்பது துருக்கியரிடமிருந்து வந்த சொல், ஊதுகுழலின் 'துஃப்' என்ற ஓசையில் பிறந்தது என்று தேநீர் வேளைதோறும் விளக்குவார். அதன் பயனாக விண்ணப்பப் படிவத்தில் ஏழாவது கட்டம் முளைத்தது: 'ஆயுதத்தின் பெயரும் பெயர்க் காரணமும், தக்க சான்றுடன்.'

வெள்ளிக்கிழமைக்குள் உரிமம் புதுப்பிக்கப்படாவிட்டால் வேலை இல்லை என்று கிடங்குக் காவலாளியிடம் முதலாளி சொல்லியிருந்தார். பொய் எழுதி மாட்டிக்கொள்ளக் காவலாளிக்குத் துணிவில்லை. துப்பாக்கிக்கு வீட்டில் வழங்கிய பெயரையே எழுதினார்: 'பெரியத்தை.'

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "காரணம்?"

"யாரையும் காயப்படுத்தினதில்லைங்க. ஆனா சத்தம் வந்தா தெருவே அடங்கிடும். எங்க பெரியத்தை மாதிரி."

"அவங்க இருக்காங்களா?"

"நல்லாவே இருக்காங்க."

"அப்ப அவங்கதான் மூலச் சான்று. அசலோட ரெண்டு நகலும் கொண்டாங்க."

"அத்தைக்கு நகலா?"

"படிவத்துல இருக்கு. நான் என்ன செய்ய?"

வியாழக்கிழமை காலை அசல் மட்டும் வந்தது. கூடத்தில் மூன்று மணி நேரம் நின்றது. பிறகு வந்த மேலதிகாரி அத்தையைச் சுற்றிவந்து பார்த்தார். பழைய கோட்டையொன்றின் ஆயுதப் பட்டியலில் கல் வீசும் எறிபொறிக்குச் சீமாட்டி ஒருத்தியின் பெயர் இருந்ததையும், துப்பாக்கிக்கான ஆங்கிலச் சொல்லே அதிலிருந்து பிறந்ததையும் சொல்லி மகிழ்ந்தார். உடனே முகம் வாடினார்.

"ஒரு சிக்கல். பெரியத்தைங்கிறது இப்ப ஆயுதப் பெயர். அந்தப் பெயர்ல எதுவும் உரிமம் இல்லாம வெளியில நடமாடக் கூடாது. இவங்களை ஆயுதக் கிடங்குல ஒப்படைங்க."

காவலாளி கணக்குப் போட்டுப் பார்த்தார். துப்பாக்கி இல்லாவிட்டால் வேலை இல்லை. அத்தை இல்லாவிட்டால் வீடே இல்லை.

அத்தை குமாஸ்தாவின் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, காலையிலேருந்து இங்க எல்லாரும் 'பீரங்கி வந்தாச்சா, பீரங்கி கையெழுத்துப் போட்டாச்சா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களே. அது யாரு?"

தெருவை அடக்கும் குரலல்லவா? அலுவலகத்தின் மூன்று பிரிவுகளும் அடங்கின.

குமாஸ்தா முப்பது ஆண்டுகளாக எந்தப் படிவத்துக்கும் துரோகம் செய்யாதவர். புதிய தாளொன்றை எடுத்து எழுதலானார்: 'பெயர்: பீரங்கி. காரணம்: புகை அதிகம், குண்டு எங்கே விழுமென்று யாருக்கும் தெரியாது.' சான்றுக்கான இடத்தில் பதினேழு பேர் வரிசையாக நின்று கையொப்பமிட்டனர்.

"ஐயா, மன்னிக்கணும். உங்களையும் ஒப்படைக்கணும்ங்க. ரெண்டு நகலோட."

ஏழாவது கட்டம் அக்கணமே ரத்தாயிற்று. காவலாளியின் உரிமத்தில் மை காயும் முன்பே அத்தை வாசலைத் தாண்டிவிட்டார்.

காவலாளிகள் சொல்லும் வடிவில் மேலதிகாரி இன்றும் ஆயுதக் கிடங்கில் எண்ணெய் பூசிப் பாதுகாக்கப்படுகிறார். மேலதிகாரிகள் சொல்லும் வடிவிலோ பீரங்கி என்பது குமாஸ்தாவின் பெயர். தம் முதுகுக்குப் பின்னால் தமக்கு என்ன பெயர் வழங்குகிறது என்று, சொன்னவர்களில் ஒருவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.