கைது இல்ல, சும்மா வாங்க

என்னை இதுவரை எந்தப் பொலிஸ்காரரும் கைது செய்ததில்லை. இந்த எளிய உண்மையை விளங்கிக்கொள்ள எனக்கு மூன்று மணித்தியாலமும் ஒரு எருமை மாடும் தேவைப்பட்டன.

குற்றம் முழுக்க என்னுடையது அல்ல. பட்டம் பெற்று நாலு வருடம் வேலையில்லாமல் சித்தாண்டியில் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், மத்தியானச் சாப்பாடு தருகிற எந்தப் பயிற்சிப்பட்டறையையும் நான் விட்டதில்லை. தேனீ வளர்ப்பு, தலைமைத்துவம், முரண்பாட்டு முகாமைத்துவம் எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வைத்திருக்கிறேன். (தேனீயைக் கண்டால் இன்றைக்கும் ஓடுவேன், அது வேறு கதை.) அதில் ஒன்றுதான் ‘கைதும் உங்கள் உரிமைகளும்’. இரண்டு நாள், புரியாணியோடு. முடிவில் பிளாஸ்டிக் உறை போட்ட சின்ன அட்டை ஒன்று தந்தார்கள். கைது செய்பவர் தன் பெயரையும் பதவியையும் சொல்லவேண்டும், காரணத்தை உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லவேண்டும், குடும்பத்துக்கு அறிவிக்க விடவேண்டும், நீங்கள் வாய் திறக்காமலும் இருக்கலாம். அந்த அட்டையைப் பேர்சில் வைத்துக்கொண்டு, யாராவது என்னைக் கைது செய்யமாட்டார்களா என்று ஏங்கித் திரிந்தேன் என்றே சொல்லலாம்.

அப்படியிருக்க, உன்னிச்சைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஆசிரியர் நியமனம் வந்தது. திங்கட்கிழமைக்குள் கடமையேற்காவிட்டால் நியமனம் ரத்து என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. திங்கட்கிழமை காலை ராகு காலம் கழியாமல் வாசல் தாண்டக்கூடாது என்று அம்மா போட்டார் ஒரு கட்டளை. அத்தானின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி, வாழ்க்கையில் முதன்முறையாக டை கட்டி, ஒன்பது மணிக்குப் புறப்பட்டேன். அந்த டை காற்றில் எழும்பி எழும்பி முகத்தில் அடித்தது. அதைச் சட்டைக்குள் செருக வழியில் ஓரிடத்தில் நிறுத்தினேன். நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தினால், பொலிஸ் நிலைய வாசல்.

வாசலில் நின்ற சார்ஜன்ட் என்னை மேலும் கீழும் பார்த்தார். டை, கோப்பு, சட்டைப்பையில் இரண்டு பேனை.

“தம்பி, கொஞ்சம் உள்ள வாங்க. சின்ன வேலை. அஞ்சு நிமிசம்” என்றார் சிங்களம் கலந்த தமிழில்.

இது கைதேதான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் யாரும் “உன்னைக் கைது செய்கிறேன்” என்ற வசனத்தைக் காதால் கேட்டதில்லை. எங்கள் அப்பா அம்மா காலத்தில் கேட்டதெல்லாம் “சும்மா ஒரு சின்ன விசாரணை, இப்ப விட்டிருவம்” என்பதுதான். வேறு ஊர்க்காரன் என்றால் ‘சின்ன வேலை’ என்பதைச் சின்ன வேலை என்றே எடுத்திருப்பான். நான் அட்டையை எடுத்தேன். அங்கேயே நின்று, மேடைப் பேச்சுப் போட்டியில் நிற்பவன் மாதிரி, மேலிருந்து கீழ்வரை உரக்க வாசித்தேன். சார்ஜன்ட் பொறுமையாகக் கேட்டார்.

“ஓம், ஓம். நல்லது. உள்ள இருந்து எழுதுங்க” என்றார்.

உள்ளே ஒரு வாங்கில் இருத்தி, முன்னால் வெள்ளைத் தாள் வைத்துவிட்டு, தொலைபேசி அடிக்கிறது என்று போய்விட்டார். வெற்றுத் தாள்! குற்ற ஒப்புதல் வாக்குமூலம் என்று முடிவு கட்டினேன். குடும்பத்துக்கு அறிவிக்கும் உரிமையை உடனே பயன்படுத்தினேன்.

“அத்தான், என்னப் பிடிச்சிட்டாங்க!” நிலையத்தின் பெயரைச் சொல்லி, ஒட்டுக்கேட்பார்கள் என்று உடனே துண்டித்து, போனையும் நிறுத்திவிட்டேன். (அந்தப் பக்கம் வயல் வட்டைக்குள் நின்ற அத்தான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியது எனக்குத் தெரியாது.)

வாங்கின் மறு நுனியில் ஓட்டமாவடிக்காரர் ஒருவர் இருந்தார். தொப்பி, வெள்ளைத் தாடி. மெல்ல நகர்ந்து வந்தார்.

“தம்பி, எண்ட எருமை ரெண்டு நாளாக் காணல்ல. இடது கொம்பு முறிஞ்சது. ரெண்டு வரி எழுதித் தாங்களன்.”

நான் அவரைப் பார்த்து மர்மமாகச் சிரித்தேன். என் கையெழுத்து மாதிரியை எடுக்க மாறுவேடத்தில் அனுப்பப்பட்டவர் என்று எனக்கா தெரியாது? வாயை இறுக்கிக்கொண்டேன்.

“காது கேளாதா மனே?” என்றார் பாவமாக.

பதினொரு மணியாயிற்று. சார்ஜன்ட் வந்து வெற்றுத் தாளைப் பார்த்தார், என் டையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், போய்விட்டார். கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. தப்பியோட வைத்துப் பிடிக்கும் பொறி என்று அதையும் கண்டுபிடித்தேன். அங்கே பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விட்டுவிடும். நாலு வருடம் காத்திருந்த வேலை கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் என் மௌன உரிமையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது நினைத்தால், எனக்கு நானே இரண்டு போடலாம் போலிருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு, தேடி அலைந்து பிடித்த ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. முதலில் பாய்ந்து வந்தவர் அத்தான், முழங்கால் வரை சேற்றோடு.

“சேர்! அவனுக்கு ஒண்டும் தெரியா. பைக் எண்ட. வரிப்பத்திரம் முடிஞ்சு மூணு மாசம். பிரேக் லைட்டும் எரியாது. போன மாசம் சிக்னல்ல நிக்காமப் போனதும் நான்தான்!”

அதுவரை அப்படியொரு பைக் உலகத்தில் இருப்பதே சார்ஜன்டுக்குத் தெரியாது. “அப்பிடியா? எங்க பைக்?” என்று ஆர்வமாக எழும்பினார்.

பின்னால் அம்மா வந்தார். கையில் ஒரு பை. சாரம், துவாய், சவர்க்காரம், பல் தூரிகை, என் அடையாள அட்டையின் நிழற்பிரதி, பிறப்புச் சான்றிதழ், என் படம் ஒன்று. ஐந்தே நிமிடத்தில் கட்டினாராம். என்னென்ன வைக்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நான் பிறப்பதற்கு முன்னர், அம்மாவின் தம்பி ‘ஒரு சின்ன விசாரணை’க்குப் போனவர், இன்னும் வரவில்லை. பையைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அட்டையை வைத்துக்கொண்டு விளையாடியதற்காக வெட்கப்பட்டேன்.

“என்ட புள்ள என்ன செஞ்சவன் ஐயா?” என்று அம்மா கேட்டார்.

சார்ஜன்ட் பையைப் பார்த்தார். அவருக்கும் ஏதோ விளங்கியிருக்கவேண்டும். தொப்பியைக் கழற்றினார்.

“அம்மா, கைது இல்ல. கைது இல்ல அம்மா. தமிழ் எழுதுற ஆள் இண்டைக்கு லீவு. இந்தப் பெரியவருக்கு எழுதத் தெரியாது. மாடு காணல்ல. தம்பி படிச்ச ஆள் மாதிரி இருந்தது, அதுதான் கூப்பிட்டது.”

அம்மா வாங்கில் தொப்பென்று இருந்தார். பிறகு பையால் என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார்.

“எழுதன்டா, விசரா!”

எழுதினேன். எருமையின் நிறம், வயது, முறிந்த கொம்பு என்று முத்து முத்தான கையெழுத்தில் ஒன்றரைப் பக்கம். ஓட்டமாவடிக்காரர் அதைத் தடவிப் பார்த்து, “இவ்வளவு வடிவா எழுதுற புள்ளைக்குப் பேச வராமப் போயிற்றே, அல்லாஹ்” என்று வருந்தினார்.

மணி பன்னிரண்டே முக்கால். பைக்கை சார்ஜன்ட் பிடித்துவைத்துவிட்டார். பக்கத்தில் அத்தானையும் இருத்தி, மிச்சக் குற்றங்களை மற்றப் பொலிஸ்காரரிடம் ஆறுதலாகச் சொல்லச் சொன்னார். நியமனக் கடிதத்தைக் காட்டி அம்மா கெஞ்ச, சார்ஜன்ட் என்னைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றினார். பள்ளிக்கூட வாசலில் பொலிஸ் ஜீப்பிலிருந்து, இரண்டு காக்கிகளுக்கு நடுவே, டையோடு இறங்கிய முதல் ஆசிரியர் நானாகத்தான் இருப்பேன். அதிபர் வெளியே வந்தார், நிலைமையைப் பார்த்தார், திரும்ப உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். சார்ஜன்ட் தட்டித் தட்டி விளங்கப்படுத்தித்தான் ஒன்று இருபதுக்குக் கையெழுத்து வைத்தேன். அன்றிலிருந்து நான் ‘ஜீப் சேர்’. என் சொந்தப் பெயரைச் சொன்னால் பிள்ளைகளின் பெற்றோருக்கே தெரியாது.

எருமை மூன்றாம் நாள் கிடைத்துவிட்டது. ஆனால் சார்ஜன்டுக்கு என் கையெழுத்து பிடித்துப்போயிற்று. தமிழ் எழுத ஆள் இல்லாத நாட்களில் இப்போதும் போன் எடுப்பார். “சேர், கைது இல்ல. சும்மா வந்திட்டுப் போங்க” என்றுதான் தொடங்குவார். அது எங்கள் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. பிறகு கல்யாணமாகி வந்த மனைவியும் சோறு போட்டுவிட்டு, “கைது இல்ல, சாப்பிட வாங்க” என்பார். அத்தான் மட்டும் அதற்குச் சிரிப்பதில்லை.

போன் வந்தால் அம்மாதான் முந்திக்கொண்டு எடுப்பார். “கைது இல்லையாம், போயிட்டு வா மனே” என்று வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொல்லுவார். சொல்லிவிட்டு, நான் திரும்பி வரும்வரை வாசல் படலையடியில் நிற்பார்.