இருபதாவது நோயாளி

முதுமை என்பது 1963-ஆம் ஆண்டு திண்டிவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை அங்கே ஜனங்களுக்கு வெறுமனே வயதுதான் ஆகிக்கொண்டிருந்தது. பட்டணத்தில் ஆறு வாரம் 'முதியோர் மனநல விசேஷப் பயிற்சி' பெற்றுத் திரும்பிய டாக்டர் பாண்டுரங்கன்தான் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார்.

பயிற்சி முழுமையடைய ஒரே ஒரு படி பாக்கி. புத்தி பேதலித்த முதியவர்கள் இருபது பேரைக் கண்டறிந்து, சான்றிதழ் வழங்கி, கோப்பை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் விழுப்புரத்தில் 'நிபுணர்' பதவி. பத்தொன்பது பேர் தேறிவிட்டார்கள். இருபதாவது ஆளுக்காக டாக்டர் ஏங்கிப் போயிருந்தபோது, காணையிலிருந்து பெரியதம்பி தன் தாய் கெங்கம்மாளை பஸ்ஸில் அழைத்து வந்தான்.

"ஒரே பேஜாருங்க. ரெண்டு காணி கரும்பு நெலத்த என் பேருக்கு எழுதுன்னா, கைநாட்டு வெக்க மாட்டேங்குது. தானா பேசிக்கினு இருக்குது. புத்தி சரியில்லன்னு ஒரு சர்டிபிகேட் குடுத்தீங்கன்னா நெலத்த நான் பாத்துக்குவேன்."

டாக்டர் படிவத்தை எடுத்தார்.

"இன்னைக்கு என்ன தேதிம்மா?"

"ஆடி ஏழு. செவ்வாக்கெழமை."

சுவரில் தொங்கிய சர்க்கார் காலண்டரில் ஆடி என்று ஒரு மாதமே இல்லை. 'தேதி தெரியவில்லை' என்று குறித்துக்கொண்டார்.

"நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சிக்கினே வாங்க."

"நான் எதுக்குக் கழிக்கணும்? அதுக்குத்தான் புள்ள இருக்கறானே."

'கழித்தல் மறந்துவிட்டது.'

"யாராச்சும் உங்க சொத்தப் புடுங்கப் பாக்கறாங்கன்னு தோணுதா?"

"ஆமா. தோ நிக்கறான் பாருங்க."

டாக்டரின் முகம் மலர்ந்தது. 'காரணமற்ற சந்தேகம், முற்றிய நிலை.' இதற்கு மட்டுமே ஐந்து மதிப்பெண்.

கம்பவுண்டர் ராஜாங்கம் முத்திரை குத்தினார். "இவங்களோட இருபது ஆச்சுங்க."

பெரியதம்பி சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கெங்கம்மாள் எழுந்திருக்கவில்லை.

"இருபது பேரா? அதுல நெலம் நீச்சு இல்லாதவங்க எத்தினி பேருங்க ஐயா?"

டாக்டர் கோப்பைப் புரட்டினார். நஞ்சை, புஞ்சை, மல்லாட்டைக் கொல்லை, மாந்தோப்பு. இருபது பேரும் பட்டாதாரர்கள். ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து அழைத்து வந்தவர் வாரிசு.

அவருக்கு வெட்கமாக இருந்தது. சான்றிதழைத் திருப்பி வாங்கிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் விசேஷப் பயிற்சி பெற்றவர் அல்லவா, சட்டென்று சுதாரித்துக்கொண்டார். பேனாவைத் திறந்து, மேலிடம் பின்னர் முதல் வகுப்பு வழங்கிப் பாராட்டிய தமது 'ஆராய்ச்சி முடிவை' எழுதினார்:

'நிலமில்லாத முதியவர்களை இந்த நோய் அண்டுவதில்லை.'