குழாய் அண்ணாச்சியும் அவசர சிகிச்சைப் பிரிவும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் மெதுவாகப் பேசத் தெரியாத மனுஷன் ஒருத்தர்தான் உண்டு. அவரைத்தான் ஆஸ்பத்திரியில், அதுவும் அவசர சிகிச்சைப் பிரிவில், நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லச் சேர்த்திருந்தார்கள்.

தொழில் மைக்செட். காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிக் கட்டி, பெயரே குழாய் அண்ணாச்சி ஆகிவிட்டது. ஆயுசு முழுக்கக் குழாய்க்கு அடியிலேயே நின்றதில் காது கொஞ்சம் மந்தம். தான் கத்துவது தனக்குத் தெரியாது.

நான் பேங்கில் ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா இருந்து குழம்பில் குறை சொல்லிக்கொண்டிருந்ததால், என் மனைவியே என்னைத் தொண்டு செய்ய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, எக்ஸ்ரே அறைக்கு வழி காட்டுவது, துணைக்கு ஆள் இல்லாதவர் பக்கத்தில் உட்காருவது, இதுதான் அண்ணாச்சிக்கும் எனக்கும் வேலை.

முதல் நாளே காரியாபட்டிக்காரர் ஒருவர் கூச்சத்தோடு அண்ணாச்சியின் காதருகே வந்து ஏதோ முணுமுணுத்தார்.

“என்னது, மூலமா?”

எதிர்த்த டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ நின்றது.

“எத்தன நாளாய்யா ரத்தம் போகுது?”

மனுஷன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆனால் பக்கத்துக் கட்டில்காரர் மெல்ல எட்டிப் பார்த்து, “எனக்கும் அதாண்ணே” என்றார். அதற்கடுத்த கட்டிலிலும் ஒரு கை உயர்ந்தது. அரை மணி நேரத்தில் மூவரும் சொந்தக்காரர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

சிஸ்டருக்குத்தான் தாங்கவில்லை. “அண்ணாச்சி, கொஞ்சம் ரகசியமாப் பேசப் பழகுங்க” என்றார். அண்ணாச்சி பழகினார். வெறும் காற்றாக ஒரு சத்தம் கிளம்பியது. மயங்கிக் கிடந்த பெரியவர் ஒருவர் விருட்டென்று எழுந்து, “ஏத்தா, கேஸு லீக்காகுது!” என்று அலறினார். அதோடு ரகசியம் ரத்தானது.

போன வைகாசியில் ஒரு மத்தியானம், நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்கிற பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள்; புதுசாகக் கல்யாணம் ஆனவன், பெண்டாட்டியும் கூடவே வந்திருந்தாள். காலில் பாம்புக் கடி. கண் சொருகிக்கொண்டிருந்தது. டாக்டர் மருந்து ஏற்ற ஆரம்பித்த நேரத்தில், அவன் பெண்டாட்டியின் அண்ணன் லோடு ஆட்டோவோடு வந்து குதித்தான்.

“ஊசியெல்லாம் வேணாம். எங்க பக்கம் வேரு கட்டுறவரு இருக்காரு. அங்க தூக்கிட்டுப் போறோம்.”

டாக்டர் எவ்வளவோ சொன்னார். கேட்கவில்லை. பெண்டாட்டி கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணன்காரன் மருந்துக் குழாயைப் பிடுங்கக் கை நீட்டினான். நான், “சார்… சார்…” என்றேன். பேங்கில் எனக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

அண்ணாச்சி போய் வாசலை மறித்து நின்றார்.

“ஏலே, ஒங்க ஊரு மொளப்பாரிக்கு மைக்செட்டு யாருலே?”

“நீங்கதான் அண்ணாச்சி.”

“இப்ப இவனத் தூக்கிட்டுப் போ. ஏதாவது ஆச்சு, வாற மொளப்பாரிக்குப் பாட்டே கெடையாது. ஒம் பேரு, ஒங்கப்பன் பேரு சொல்லி, தங்கச்சி தாலிய அறுத்தவன்னு மூணு நாளும் மைக்குல சொல்லுவேன். பொம்பளைக அம்புட்டுப் பேரும் கேப்பாக.”

“அதப் போயி மைக்குல சொல்லலாமா அண்ணாச்சி?”

“ஒம் பொறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லுங்கன்னு மேடைக்குப் பின்னாடி வந்து நின்னேல்ல? அப்ப நல்லாருந்துச்சோ?”

நீட்டிய கையை அவன் இழுத்துக்கொண்டான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் வரை அண்ணாச்சி அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. “பொழச்சிருவாகளாய்யா?” என்று அந்தப் பெண் கேட்டபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேட்டி நுனியை அவர் கை பிசைந்துகொண்டே இருந்தது.

பொழுது சாயும்போது பையன் கண்ணைத் திறந்தான். நாக்குக் குழற, “ஆட்ட யாரு வீட்டுக்குப் பத்துனா?” என்றான்.

“ஆட்டக் கேக்குறான்! ஏ, ஆட்டக் கேக்குறான்!” அண்ணாச்சி போட்ட கூச்சலில், மருந்து வாங்கும் வரிசையில் நின்றவர்கள்கூட யார், என்ன என்று தெரியாமலே கைதட்டினார்கள். அண்ணன்காரன் மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லாருக்கும் டீ வாங்க ஓடினான். சிஸ்டர் அன்றைக்கு ஒரு வார்த்தைகூட அதட்டவில்லை.

போன மாதம் எனக்கே நெஞ்சில் வலி வந்து, அதே பிரிவில் படுக்கவைத்தார்கள். வெறும் வாயு என்று பிற்பாடுதான் சொன்னார்கள். மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். அவள் கையும் குளிர்ந்திருந்தது. மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, இதுதான் கடைசியோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது கேட்டுக்கு வெளியிலிருந்தே ஒரு சத்தம்:

“நம்ம பேங்குசாரு எந்தக் கட்டில்ல கெடக்காக? இந்தா வாரேன், பயப்படாதீக!”

ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு எனக்குப் பயமாக இல்லை.