ரெண்டாம் பாகம் வந்துருச்சா?

காகா என்று கத்துவதால்தான் அதற்குக் காகம் என்று பெயர் வந்ததாம். அப்படிப் பார்த்தால் நான் சொல்லப்போகிற பிராணிக்கு 'ரெண்டாம்பாகம்' என்றுதான் பெயர் வைக்க வேண்டும். என் வாசிகசாலை வாசலில் தலையைக் காட்டியதும் அது எழுப்புகிற ஒலி ஒன்றே ஒன்றுதான்: "அண்ணே, ரெண்டாம் பாகம் வந்துருச்சா?" வணக்கம் கிடையாது, மழை எப்படி என்கிற பேச்சு கிடையாது. மூச்சு வாங்கும், கண் அலமாரிக்குப் போகும், கத்தும்.

சரித்திரக் காதல் நாவல் வாசிக்கும் இனம் அது. இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவை டவுனில் தையற்கடைக்கு மேல்மாடியில், ஏறும்போது பதினான்காம் படி ஆடுகிற இடத்தில், பதினெட்டு வருடமாக உட்கார்ந்து அதைக் கவனித்து வருகிறவன் நான். சம்பளம் இல்லாத வேலை. வேடிக்கைக்குக் குறைவில்லை.

இந்த இனம் தன்னை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே படிப்பிக்க வந்திருக்கிற ஜெயமலர் டீச்சர், 'கடல்வாசல் மணிநங்கை' முதல் பாகத்துக்கு பாடப் புத்தகம் போல பிரவுண் தாளில் உறை போட்டு, மேலே 'குறிப்புகள்' என்று எழுதி வைத்திருந்தார்.

"நான் சரித்திரத்துக்காகத்தான் வாசிக்கிறனான் அண்ணை," என்றார்.

"இது எந்த அரசன் காலத்துக் கதை டீச்சர்?"

டீச்சர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "அது வந்து... மணிநங்கையின்ர அப்பான்ர காலம்," என்று சொல்லிவிட்டு அவசரமாகப் படி இறங்கினார். அந்தப் பதினான்காம் படியையும் மறந்துவிட்டார், பாவம்.

வாய் பொய் சொல்லலாம். கட்டைவிரல் சொல்லுமா? எங்கள் வாசகிகளில் பாதிப் பேர் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள். கொழுந்துக் கறை என்ன தேய்த்தாலும் விரலை விட்டுப் போகாது, புத்தகத்தில் மட்டும் சுலபமாக இறங்கிவிடும். ஆகவே எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, புத்தகத்தைப் பிரித்தால் போதும். தளபதி செங்கதிர்வேளின் கழுத்தில் மணிநங்கை வாளை வைக்கிற நாற்பத்திரண்டாம் பக்கம், தோசைக்கல் நிறத்தில் இருக்கிறது. அவன் காயத்துக்கு அவள் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டுகிற பக்கத்தில் எழுத்தே தெரியவில்லை, ஆனாலும் வாசிக்கிறார்கள், மனப்பாடம் போலிருக்கிறது. முப்பது பக்கத்துக்கு நீளுகிற கோட்டைப் போரோ, அச்சகத்திலிருந்து நேற்று வந்த மாதிரி வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. ஆயிரம் யானை, பத்தாயிரம் காலாள், அத்தனை பேரும் செத்து விழுந்தார்கள். ஒரு கட்டைவிரல் எட்டிப் பார்க்கவில்லை!

அப்படி என்னதான் இருக்கிறது அந்த ஜோடிகளிடம்? நானும் யோசித்திருக்கிறேன். முதற் சந்திப்பில் சண்டை வேண்டும், சண்டையில் காயம் வேண்டும், காயத்துக்குச் சேலை கிழிய வேண்டும், கிழிந்த சேலையோடு குதிரையில் ஏற வேண்டும், அப்போது நிலா வர வேண்டும், குதிரை நாகரிகமாக வேறு பக்கம் பார்க்க வேண்டும். இதில் நம் மலைக்கு எது பொருந்தும்? காயம் என்றால் இங்கே அட்டைக்கடி. அதற்கெல்லாம் சேலையைக் கிழித்தால் மாதத்துக்கு ஆறு சேலை வேண்டும், ஆகவே சவுக்காரச் சோப்பைத் தேய்த்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். குதிரை என்றால் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றுமே, அந்தக் கிழட்டுக் குதிரை. நிலாவைப் பனிமூட்டம் விட்டால் பார்க்கலாம். இருந்தும் இந்த இனம் மனம் தளர்வதில்லை. வீட்டில் பெண் பார்க்க யாராவது வந்துவிட்டால்தான் வினை.

ஷாமிலாவுக்கு வந்தது அந்த வினை.

ஷாமிலா, என் நண்பன் சோலைமலையின் மகள், ஆனாலும் வாசிகசாலையில் எல்லோருக்கும் போல அவளுக்கும் நான் 'அண்ணே'தான். இருபத்துநாலு வயது, கொழுந்தில் கெட்டிக்காரி, வாசிப்பில் இந்த இனத்தின் தலைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க வந்தவன் நிரஞ்சன். பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற பிட்டர். நல்ல பையன். குடி இல்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில், இரண்டு குடும்பமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, இருவரையும் ஐந்து நிமிடம் பேச விட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாகப் பேச்சு. சோலைமலைக்கு இந்தச் சம்பந்தம் அமைந்துவிட வேண்டுமே என்று ஒரே தவிப்பு.

மறுநாளே ஷாமிலா என்னிடம் வந்து கொட்டினாள்.

"அண்ணே, மொத மொதலா அவரு என்கிட்ட என்ன கேட்டாரு தெரியுமா? சாப்டீங்களான்னு! நாலு மணிக்கு! செங்கதிர்வேள் எப்பவாச்சும் மணிநங்கைகிட்ட சாப்டீங்களான்னு கேட்டிருக்காரா?"

"கேட்கலைதான்," என்றேன். உண்மையை மறைக்க முடியுமா? அறுநூறு பக்கத்தில் அந்தப் பெண் இரண்டு மாம்பழத்தைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை.

"கோவம் வருமான்னு கேட்டேன். வராதாம். எதிரி யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டேன். இல்லையாம். ஒரு தழும்பு கூட இல்லண்ணே! எதை வச்சு நான் சரின்னு சொல்றது?"

"நீ என்னம்மா சொன்னே?"

"புத்தகம் வாசிப்பேன்னு சொன்னேன். இப்ப 'கடல்வாசல் மணிநங்கை' மொத பாகம் ஓடுதுன்னேன். அப்பிடியாங்கன்னு கேட்டுட்டு சும்மா நின்னாரு. அவ்வளவுதான்."

செவ்வாய்க்கிழமை மாலை பதினான்காம் படி ஆடியது. நிரஞ்சன் நின்றான். 'மணிநங்கை' வேண்டுமாம். முதல் பாகம் வெளியே போயிருக்கிறது, இரண்டாம் பாகம்தான் இருக்கிறது என்றேன். "பரவாயில்லைங்க, அதையே குடுங்க," என்றான்.

முதல் பாகம் வாசிக்காதவருக்கு இரண்டாம் பாகம் தரப்படமாட்டாது என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவன் நான். பதினெட்டு வருடம் ஒருவருக்காகவும் அந்த விதி தளர்ந்ததில்லை. ஜெயமலர் டீச்சர் முதல் பாகத்தைப் பாதியில் வைத்துக்கொண்டு கெஞ்சியும் தளரவில்லை. அன்று தளர்ந்தது. காதலர்களைச் சேர்த்து வைக்கிற கிழட்டு மந்திரி ஒருவர் எல்லா நாவலிலும் வருவாரே, அவராக என்னை நினைத்துக்கொண்டு புத்தகத்தை நீட்டினேன். அந்த மந்திரிகள் செய்கிற ஒவ்வொரு காரியமும் கடைசியில் குழப்பத்தில் முடியும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

புதன்கிழமை ஷாமிலா முதல் பாகத்தை முடித்துவிட்டாள். எங்கே முடிகிறது தெரியுமா? மணிநங்கை வெள்ளம் புரளுகிற ஆற்றில் குதிக்கிறாள். 'அவள் கதி என்ன?' என்று கேட்டுவிட்டு ஆசிரியர் போய்விடுகிறார்.

"அண்ணே, ரெண்டாம் பாகம் வந்துருச்சா?"

"வரல்லம்மா."

வியாழக்கிழமை வந்தாள். வெள்ளிக்கிழமை வந்தாள். "மணிநங்கை ஆத்துல கெடக்கா. நான் எப்பிடிண்ணே மலைக்குப் போயி கொழுந்து எடுக்கிறது?" என்றாள். சனிக்கிழமை மழையோடு மழையாக வந்து, நான் தடுப்பதற்குள் பதிவுப் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். 'நிரஞ்சன், பிட்டர்' என்று என் அழகான கையெழுத்திலேயே இருந்தது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அலமாரியைத் துடைக்கத் தொடங்கினேன். அவள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நானும் வாசிகசாலையைப் பூட்டிவிட்டுப் பின்னால் ஓடினேன். ஏன் ஓடினேன்? சமாதானம் பண்ணத்தான். நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

ஸ்டோர் கேட்டில் நிரஞ்சன் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் இவள் குடையை மடக்கி நீட்டிவிட்டாள். குடை நுனி அவன் கழுத்துக்கு அரை அடி தூரத்தில் நின்றது.

நாற்பத்திரண்டாம் பக்கம்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"யாரக் கேட்டு ரெண்டாம் பாகத்த எடுத்தீங்க?"

"நீங்க வாசிக்கிறேன்னு சொன்னீங்க. மொத பாகம் உங்ககிட்ட இருந்துச்சு. அதாங்க."

"மொத பாகம் தெரியாம ரெண்டாம் பாகம் வாசிக்கிற ஆள நான் இப்பத்தான் பாக்குறேன்! நாலு நாளா நான் தூங்கல, தெரியுமா? அந்தப் பொண்ணு ஆத்துல விழுந்து என்ன ஆனாளோன்னு..."

நிரஞ்சனின் முகம் கனிந்தது. ஒரு பெண் நாலு நாளாகக் கவலைப்பட்டிருக்கிறாள், நல்ல மனிதன் என்ன செய்வான்? ஆறுதல் சொல்வான். சொன்னான்.

"பயப்படாதீங்க. அந்தப் பொண்ணு சாகலைங்க. மூணாம் பக்கத்துலயே மீன் புடிக்கிறவங்க தூக்கிர்றாங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் ஷாமிலா. குரலே எழும்பவில்லை.

"ஆமாங்க. நிம்மதியா இருங்க."

கொலை செய்தவனை இந்த இனம் மன்னித்துவிடும். நாவல்களில் எத்தனை பேரை மன்னித்திருக்கிறது! முடிவைச் சொன்னவனுக்கு மன்னிப்பே இல்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் அவனுக்குப் புரிந்தது. உள்ளே ஓடி, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, புத்தகத்தைப் பேப்பரில் சுற்றி எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினான். "மன்னிச்சிருங்க," என்றான். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு வேணாம்னு சொல்லிரப் போறேன்," என்று வழிநெடுக என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். மழை வலுத்ததால் வாசிகசாலைக்கே திரும்பி வந்தோம். வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கோபத்தோடு புத்தகத்தைப் பிரித்தாள். உள்ளேயிருந்து ஒரு தாள் துண்டு விழுந்தது. தேயிலைச் சாக்கில் ஒட்டுகிற தாளின் ஓரத்தைக் கத்தரித்தது. அதில் பென்சிலில் எழுதியிருந்ததை அவள் சத்தமாக வாசித்தாள்.

"'இந்தக் கிழவி யாரு? ஷாமிலாகிட்ட கேட்கணும்.'"

தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள்.

"கிழவியா? மாறுவேஷத்துல இருக்கிற தோழி! இது கூடத் தெரியல!" என்று தாளிடமே சண்டை பிடித்தாள். பக்கத்தைப் புரட்டினாள். இன்னொரு துண்டு. 'இந்த மோதிரம் எப்ப குடுத்தாரு? கேட்கணும்.' "ஐயோ, மொத பாகத்துல அதுதானே உசுரான எடம்!" இன்னொன்று. 'குதிரை ஏன் அழுவுது? கேட்கணும்.' கொழுந்துக் கறைக்குப் பக்கத்தில் பக்கத்துக்குப் பக்கம் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை. இரண்டாம் பாகத்திலும் ஒரு போர் வருகிறது, அதையும் யாரும் தொட்டதில்லை. அந்த வெள்ளைப் பக்கங்களிலும் கிரீஸ் இருந்தது! 'இந்தச் சண்டை எதுக்கு? கேட்கணும்' என்று அங்கே ஒரு துண்டு.

ஷாமிலா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அண்ணே, எதுக்கு?"

"எனக்கெப்பிடிம்மா தெரியும்? மொத பாகத்துப் போரையே நான் வாசிக்கல."

"நானும்தான்," என்றாள். முதன்முதலாகச் சிரித்தாள்.

மொத்தம் பதினொரு துண்டு. கடைசித் துண்டு கடைசி அத்தியாயத்தின் வாசலில் இருந்தது. 'இதுக்கு மேல வாசிக்கல. அவங்க மொதல்ல வாசிக்கட்டும்.' அதற்குப் பிறகு வந்த இருபது பக்கத்திலும் கிரீஸ் இல்லை.

அவள் அந்தத் துண்டை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். பதினெட்டு வருடமாகக் குதிரையையும் வாளையும் கேலி செய்து வந்திருக்கிறேன். அந்த ஜோடிகளிடம் நம்மைச் சொக்க வைப்பது அது ஒன்றுமில்லை என்று அன்றுதான் உறைத்தது. அவள் போகிற போக்கில் சொன்ன ஒரு சொல்லை அவன் பிடித்துவைத்துக்கொண்டு, ஏழு அத்தியாயம் தாண்டியும் விடாமல் திரிவான். அவ்வளவுதான். செங்கதிர்வேள் அதைக் குதிரைமேல் செய்தான், இவன் ஸ்டோரில் செய்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பதில் சொல்ல வேண்டிய நாள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். எனக்கு வேறு வேலையும் இருக்கிறது, பதினான்காம் படிக்கு ஆணி அடிக்க வேண்டும். ஏன் முறைக்கிறீர்கள்? என் சம்பளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஜெயமலர் டீச்சர் படியில் விழுந்தாரா என்று கேட்கவில்லை. கோட்டைப் போரில் யார் வென்றார் என்று கேட்கவில்லை. இப்போது மட்டும் 'அவள் என்ன சொன்னாள்?' என்று உங்கள் கழுத்து நீளுகிறதே?

சரி, சொல்லிவிடுகிறேன். ஆற்றில் போட்டுவிட்டுப் போக நான் அந்த ஆசிரியர் இல்லை. திங்கட்கிழமை மாலை ஷாமிலா வந்தாள். முடித்த பிறகும் திருப்பித் தராமல் வைத்திருந்த முதல் பாகத்தை மேசையில் வைத்தாள்.

"அண்ணே, இத அவரு பேருல எழுதுங்க. கீழ நிக்கிறாரு. மேல வர வெக்கப்படுறாரு."

எட்டிப் பார்த்தேன். தையற்கடை வாசலில், மழையில், மடக்கிய குடையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நின்றான். குடை அவளுடையது. விரிக்கத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது.

இப்போது சிரித்தீர்கள்தானே? நான் பார்த்தேன். சரி, இந்தப் பக்கத்திலிருந்து கையை எடுங்கள் பார்க்கலாம். உங்கள் கட்டைவிரல் எந்த வரியில் இருந்தது?