கேஜ்காரனும் சிவப்புப் பொட்டு வைத்த குண்டுகளும்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நாலு, செத்துப்போன தங்கச்சியின் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தது ஆறு. மூன்று மருமகன்களையும் சமாளித்தவள் நான். ஆனால் கேஜ்காரனைப் போல என் உயிரை வாங்கிய மனுஷன் இந்த வல்லம் வடகால் ஊரில் முன்னும் இருந்ததில்லை, பின்னும் வரப்போவதில்லை.

எங்கள் வயலைச் சர்க்கார் கம்பெனிக்கு எடுத்துக்கொண்ட பிறகு நாங்கள் கட்டிய எட்டு வாடகை ரூமில் கடைசி ரூம் அவனுடையது. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கார் பாகம் செய்கிற கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. கேஜ் என்பது ஓட்டை போட்ட இரும்புத் துண்டு. சாமான் அதில் சரியாக நுழைந்தால் பாஸ். இல்லையென்றால் சிவப்பு மையில் ஒரு பொட்டு, ரிஜெக்ட். எட்டு மணி நேரம் இதே வேலை செய்தவனுக்கு, ரூமுக்கு வந்தாலும் கை நிற்காது. நான் கொடுத்த இட்லியை ஸ்கேல் வைத்து அளப்பான்.

"ரெண்டு எம்எம் கம்மியா இருக்கு ஆச்சி."

"அப்ப துன்னாத, வச்சுட்டுப் போ."

"ரீவொர்க் பண்ணிக்கிடலாம்," என்று இன்னும் இரண்டு கரண்டி சட்னி ஊற்றிக்கொள்வான்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் ஏர்கன் ஒன்றை வாங்கிவந்து நின்றான்.

"யாரைடா சுடப்போற?"

"காயிதத்த, ஆச்சி."

இரண்டு வரிசை ரூமுக்கும் நடுவில் இருக்கிற நடையை டேப் பிடித்து அளந்தான். போட்டியில் சுடுகிற தூரமான பத்து மீட்டர் அதில் சரியாக இருந்ததாம், குதித்தான். கந்தல் துணி அடைத்த மரப்பெட்டி, அதன் பின்னால் இரும்புத் தகடு, முன்னால் கறுப்பு வட்டம் போட்ட அட்டை. மற்றவர்கள் ஷிப்டுக்குப் போன பிறகு கயிறு கட்டி வழியை மறித்து, எனக்கும் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடியை மாட்டிவிட்டுத்தான் சுடுவான். முதல் குண்டு அட்டையிலும் படவில்லை, பெட்டியிலும் படவில்லை. சுவரோரம் கவிழ்த்திருந்த என் பிளாஸ்டிக் குடத்தில் பட்டு ஓட்டை போட்டது. ஓடிப்போய்ப் பார்த்தவன் மன்னிப்பா கேட்டான்? குடத்துக்குச் சிவப்புப் பொட்டு வைத்தான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் குண்டே போடவில்லை. குழலில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, பாதி மூச்சை விட்டு மீதியை அடக்கி, அய்யனார் சிலை மாதிரி நிற்பான். கை ஆடாமல் இருக்கத்தான் அந்தப் பழக்கமாம். எதிர்வீட்டுக் கன்னியம்மா வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தம்பி, மாடில கொரங்கு வந்து வத்தலெல்லாம் துன்னுது. ஒண்ணு போட்டு வுடேன்."

"கொரங்குக்கு வலிக்கும்லா அக்கா. காயிதத்துக்கு வலிக்காது."

"துப்பாக்கி வச்சிகினு கொரங்கச் சுடமாட்டானாம். நல்ல ஆளை வச்சிருக்க ஆயா!"

மூன்றாம் மாதம் குண்டுகள் வட்டத்துக்குள் வந்தன. ஆறாம் மாதம் நடுப்புள்ளியைத் தின்றன. அவனுடைய சூப்பர்வைசர், "மாவட்டப் போட்டியில ஜெயிச்சு மாநிலத்துக்குப் போ, உன்னைப் பர்மனென்ட் பண்ணச் சொல்றேன்," என்று சொல்லியிருந்தான். பர்மனென்ட் ஆனால்தான் பெண் கொடுப்போம் என்று ஊரில் ஒரு வீட்டில் சொல்லிவிட்டார்கள். இரண்டும் அந்தப் புள்ளியில்தான் இருந்தன.

போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது குண்டுகளைக் கேஜில் விட்டுப் பார்த்துப் பிரித்தான். ஆகாததற்கெல்லாம் பொட்டு வைத்து, டிபன் மூடியில் போட்டு என் ஜன்னலில் வைத்தான். தேறியதை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, "எல்லாம் ஒரே எடை இருந்தா நேரா போகும் ஆச்சி. நிறுக்கத்தான் வழியில்ல," என்றான்.

இந்த வாய்தான் சொன்னது: "மசுரக்கூட நிறுக்கிற தராசு உங்க கம்பெனில கீதுன்னியே. எடுத்துகினு போயி நிறுத்துகினு வாயேன்."

"ரூல் இருக்கு ஆச்சி."

"பொட்டு பொட்டா ஈயம். எவன் பாக்கப் போறான்?"

பார்த்தார்கள். வெளியே வரும்போது கேட்டில் டப்பாவைத் திறந்தார்கள். ஒருவன் கம்பெனி சாமான் திருட்டு என்றான், இன்னொருவன் தோட்டா என்றான். டப்பாவையும் கம்பெனிக் கார்டையும் பிடுங்கிக்கொண்டு, அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

நான் நேரே போனேன். அந்தக் கேட் நிற்பது என் வயலில். "கேட்பாஸ் கீதா?" என்றான் செக்யூரிட்டி. நான் நாற்று நட்ட இடத்துக்குள் போக எனக்குச் சீட்டு வேண்டுமாம். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றேன். ஒருத்தனும் வெளியே வரவில்லை.

வேறு குண்டு வாங்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு என் ஜன்னலில் இருந்த டிபன் மூடியைத்தான் எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் வந்து அட்டையை நீட்டினான். நடுப்புள்ளி இருந்த இடத்தில் ஒரே ஓட்டை.

"மாநிலத்துக்குத் தேறிட்டேன் ஆச்சி. ரிஜெக்ட் பண்ணுனதும் நேராத்தான் போவுது."

மறுநாள் சூப்பர்வைசருக்குப் போன் போட்டான். "கார்டு பிளாக் ஆயிடுச்சு, நான் ஒண்ணும் பண்ண முடியாது," என்று சொல்லி அந்த ஆள் வைத்துவிட்டான். என் வாயால்தான் வேலை போனது என்று கேஜ்காரன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பெட்டி கட்டும்போது, "குடத்த மாத்திருங்க ஆச்சி, ஒழுகுது," என்றான். அவ்வளவுதான்.

அந்த ரூமில் இப்போது வேறு பையன்கள் இருக்கிறார்கள். மரப்பெட்டியை எடுத்துவிட்டால் அங்கே பைக் நிறுத்தலாமாம். கையை வெட்டுவேன் என்று சொல்லியிருக்கிறேன். குடத்தையும் மாற்றவில்லை, ஓட்டை வரைக்கும் பாதி மட்டும்தான் பிடிக்கிறேன்.

இந்தா யாழினி கண்ணு, ஆயா சொல்லச் சொல்ல எழுதினத மொதல்லேந்து படி. எங்கனா செவப்புப் பொட்டு வைக்கணும்னா வையி. அவன் வந்து பாத்தா விடமாட்டான்.